ஏரிக்கரையில் பேர் கூப்பிட்டவர்

என்னங்க,

இன்று காலை நம் வீட்டு முன்னாலுள்ள செம்மண் சாலையில் ஒட்டுப்பால் ஏற்றிய லோரி ஒன்று போனது. மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையிலேயே உறைந்து கட்டியாகிப்போன ரப்பர் பாலின் நாற்றம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்டருக்கு வந்து தங்கியிருக்கும் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்த ஓடினாள். "சாத்தாதம்மா, இருக்கட்டும்," என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பால் லோரி ஓட்டியவரின் சட்டையைக் காலமெல்லாம் துவைத்தவளுக்கு அது நாற்றமா வாசமா என்று அவளுக்கு எப்படி விளக்குவேன்? வாசலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவது போலவே இருந்தது.

அந்த வேகத்தில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது.

நீங்கள் போனதிலிருந்து நம் ஜேம்ஸ் ஒரே பிடியாக நிற்கிறான். நீலாயில் அவன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டான். "ஏரிக்கரையில தனியா என்னம்மா செய்வீங்க? வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்? வந்திருங்கம்மா, இந்த வீட்ட யாருக்காவது கொடுத்திரலாம் லா," என்கிறான். அவன் கேட்பதில் தப்பொன்றும் இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஈஸ்டர் முடியட்டும், அப்புறம் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருந்தேன். ஈஸ்டர் முந்தாநாள் முடிந்தது.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழங்கதை பேசுகிறேனே. குறுக்கே பேச இப்போது உங்களால் முடியாது, அந்த ஒரு வசதி எனக்கு.

உபதேசியார் மகளை ஒரு லோரிக்காரனுக்கா கொடுப்பது என்று எங்கள் வீட்டில் முனகாத ஆளில்லை. நான் வேதாகமத்தை வரிசை பிசகாமல் ஒப்பிப்பவள். நீங்களோ கோயிலில் கடைசி பெஞ்சுக்காரர். ஜெபம் செய்யச் சொன்னால் "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கி "ஆமென்" என்று முடித்துவிட்டு, நடுவில் சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்காமல் உட்கார்ந்துவிடுவீர்கள். எனக்கு மானம் போகும். வீட்டில் நான் இரவு ஜெபத்தை ஆரம்பித்தால் மலேசியா முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் முடிப்பேன். ஒரு நாள் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "நீ மூச்சு விடாம பேசிக்கிட்டே இருந்தா, பாவம், அவரு எப்ப பேசுவாரு?" அன்றைக்குக் கோபத்தில் உங்களுக்குச் சோறு போடவில்லை. நீங்களே போட்டுச் சாப்பிட்டீர்கள்.

தோட்டத்தை விற்றபோது எல்லாரும் சிதறினோம். லயங்களை இடித்தார்கள், அதோடு நம் சின்னக் கோயிலையும் இடித்தார்கள். பிரசங்க மேடை டவுன் சபைக்குப் போனது. பெஞ்சுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்டு வாங்கியது பிரட்டுக் களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு ஒன்றைத்தான். விடியுமுன் அதைத் தட்டித்தானே ஆட்களைக் கூட்டி, தண்டல் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்! "ஊரே கோயில் சாமானத் தூக்குது, நீங்க துருப்பிடிச்ச இரும்பத் தூக்கிட்டு வர்றீங்களே," என்று திட்டினேன். நீங்கள் பாட்டுக்கு அதை லோரியில் ஏற்றினீர்கள்.

கோலா சாவா பக்கம், வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்காகத் தேக்கிய இந்த ஏரியின் கரையில் பலகை வீட்டை வாங்கினோம். வந்த புதிதில் எனக்கு அழுகைதான். அக்கம்பக்கத்தில் ஆளில்லை. தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த முனியம்மா அக்கா மட்டும் மேட்டுக் குடிசையில் தன் மகனோடு இருந்தார். நீங்களோ காலையில் பால் விடாத கோப்பி ஓவைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரோரப் பலகைப்படியில் போய் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. பனி மூட்டம் தண்ணீரை விட்டு மெல்லக் கிளம்பும். நீர்நாய்க் கூட்டம் ஒன்று தலையை நீட்டி உங்களைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று கண்டு மீன் பிடிக்கப் போகும். "என்னதான் பண்றீங்க இங்க?" என்று கேட்டேன். "கும்பிடுறேன்," என்றீர்கள். கை கூப்பவில்லை, கண் மூடவில்லை, வாய் அசையவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மறுநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். அப்பா வீட்டில் அத்தனை வருடம் படித்த "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வசனத்தை, உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தோட்டத்து ஈஸ்டர் எப்போதும் இருட்டோடு கல்லறையில்தானே தொடங்கும்? மெழுகுவர்த்தி ஏற்றி, நம் ஆட்களின் கல்லறைகளுக்கு நடுவில் நின்று பாடுவோம். நிலத்தை வாங்கியவர்கள் கல்லறையைச் சுற்றி வேலி போட்டு, பகலில் மட்டும் திறந்துவிட்டார்கள். இனி ஈஸ்டர் காலையை எங்கே ஆசரிப்பது என்று தோட்டத்துச் சனம் கலங்கியது. "எங்க வீட்டு ஏரிக்கரைக்கு வாங்க," என்றீர்கள். போதகருக்குத் தயக்கம். "கல்லறை இல்லாத இடத்தில எப்படி அண்ணே?" என்று கேட்டார். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னீர்கள்: "கல்லறை காலியா கெடந்ததத்தானய்யா கொண்டாடுறோம்? அது எங்க இருந்தா என்ன லா?" போதகர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கடைசி பெஞ்சுக்காரரே, அன்றைக்கு எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

அந்த முதல் ஈஸ்டர் காலையில்தான், கெமாஸிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களைக் கரைக்குக் கூப்பிட நீங்கள் அந்தத் தண்டவாளத்தைத் தட்டினீர்கள். பாட்டு தொடங்கும் நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு விளக்கு ஆடி ஆடி இறங்கி வந்தது. முனியம்மா அக்கா. நெற்றியில் லைட்டு, கையில் பால்வாளி, இடுப்பில் மரம் வெட்டும் கத்தி. தோட்டம் மூடியதே தூக்கக் கலக்கத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. "பிரட்டுக்கு நேரமாயிருச்சா தம்பி? சத்தம் கேட்டுச்சே," என்று மூச்சிரைக்கக் கேட்டார். பின்னால் நின்ற இளசுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அக்கா சுற்றிலும் பார்த்தார், மெழுகுவர்த்திகளைப் பார்த்தார், புரிந்துபோய் முகம் சுருங்கிவிட்டது.

நீங்கள் சிரிக்கவில்லை. "சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்கக்கா. இன்னிக்குப் பேர் கூப்பிடுறது பெரிய துரை. நில்லுங்க வரிசையில," என்றீர்கள். பிரட்டுக் களத்தில் தண்டல் கூப்பிடுவது போலவே "முனியம்மா!" என்று குரல் கொடுத்தீர்கள். "இருக்கேன்!" என்றார் அக்கா நிமிர்ந்து. அடுத்து "எஸ்தர்!" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். பிறகு ஒவ்வொருவராக. காகிதம் கிடையாது. தினமும் ஆட்களை லோரியில் ஏற்றி, ஒருவர் குறைந்தாலும் வண்டியை எடுக்காமல் காத்திருந்தவர் அல்லவா நீங்கள்? ஒரு பேர் தப்பவில்லை. "இருக்கேன், இருக்கேன்" என்று கரை முழுக்கக் கேட்டது. கடைசியில் போதகர் வேதாகமத்தைத் திறந்தார். கல்லறையருகே அழுதுகொண்டிருந்தவள், தன் பேரைச் சொல்லி அழைத்த பிறகுதான் ஆண்டவரை அடையாளம் கண்டாள் என்ற இடத்தைப் படித்தார். நான் அழுதேன். பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஒரு ஈஸ்டரை என் தோலில் உணர்ந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு எந்த வருடமும் பேர் கூப்பிடாமல் ஈஸ்டர் நடந்ததில்லை. முனியம்மா அக்காவும் எந்த வருடமும் தவறவில்லை. கரையில் அவர் கும்பிடும் முனியாண்டிக் கல்லுக்கு விளக்கு வைத்துவிட்டு, நேராக நம் வரிசையில் வந்து நிற்பார்.

இந்த வருடம் நான் கூப்பிட்டேன்.

கூப்பிட மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஜேம்ஸ்தான் தண்டவாளத்தைத் தட்டினான், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வேறு வழியில்லாமல் போனது. உங்கள் அளவுக்குக் குரல் இல்லை. ஆனால் பேர்கள் ஒவ்வொன்றாகத் தாமாக வந்தன. இத்தனை வருடம் உங்கள் பக்கத்தில் நின்று கேட்டதில் எனக்கே தெரியாமல் மனதில் ஏறியிருக்கின்றன. எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாட்டை எடுக்கப் போனேன்.

"ஒரு ஆளு கொறையுதே," என்றார் முனியம்மா அக்கா.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உங்களைத்தான் தேடுகிறார் என்று நினைத்து ஜேம்ஸ் அவர் தோளைத் தொட்டான். "அப்பா போயிட்டாங்க பெரியம்மா."

"டிரைவர் தம்பி போனது எனக்குத் தெரியாதாடா? ஒப்பாரி வச்சவளே நான்தான். அவரு மேல பேர் கொடுத்திட்டாரு, அங்க கூப்பிடுவாங்க. நான் சொல்றது இங்க உள்ள ஆள," என்றார்.

என் பக்கம் திரும்பினார். நெற்றி லைட்டு என் கண்ணில் அடித்தது. தண்டல் தோற்கும் குரலில், ஏரிக்கு அக்கரை வரை கேட்கும்படி கூப்பிட்டார்.

"எஸ்தரு!"

கூப்பிடுகிறவர் தன் பேரைக் கூப்பிடுவதில்லையே. அது என் நினைவிலேயே இல்லை. இத்தனை வருடமும் நீங்கள் கூப்பிட்டீர்கள், நான் பதில் சொன்னேன். எல்லாரும் காத்திருந்தார்கள். பக்கத்தில் ஜேம்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அப்போது எனக்குள் பயமில்லை. தனியாக இருக்கிறேன் என்ற எண்ணமும் இல்லை. உங்கள் பெண்டாட்டி என்ற பெருமைதான் நிறைந்திருந்தது. பெருமை பாவம் என்று அப்பா சொல்வார். போகட்டும், இந்த ஒரு பாவத்தை ஆண்டவர் என்னிடமே விட்டுவைக்கட்டும்.

"இருக்கேன்," என்றேன்.

விடிந்த பிறகு கோப்பி ஆற்றிக் கொடுத்தேன். ஜேம்ஸ் வாங்கிக்கொண்டு தண்ணீரோரம் போனான். நீலாய்ப் பேச்சை எடுக்கவில்லை. பலகைப்படியைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது உக்கிப்போச்சும்மா. அடுத்த வாரம் வந்து மாத்திடுறேன். நீங்க உட்கார்ற எடம்."

உங்கள்
எஸ்தர்