கண்ணாடி வைத்த பெட்டி

பாலக்கரை, திருச்சி
25-8-1963

அன்புத் தம்பி முகம்மது கனிக்கு, அண்ணி பொன்னுத்தாய் எழுதிக்கொண்டது. பம்பாயில் நீ சுகமாக இருக்க ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா நலம். அவர்களிடம்தான் உன் விலாசம் வாங்கினேன். இங்கே நடந்ததை உனக்கு எழுதக்கூடாது என்று உன் அம்மாவிடம் உன் அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார். என்னிடம் வாங்க மறந்துவிட்டார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கூடப் பிறக்காவிட்டாலும் நீயும் உன் அண்ணனும் ஒரே பட்டறையில் வேலை பார்த்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்; ஒரு கண்ணாடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறுவாயா? லாரி இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைச் சோதிக்கும்போது, முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் சோதிக்க வேண்டும் என்று நீ சொன்னாய். "கை வச்சுப் பார்த்தாத்தான்டா பீய்ச்சுறது தெரியும். பயந்தாங்கொள்ளி!" என்று அவர் பட்டறை ஆட்கள் முன்னால் சிரித்தார். அது தப்புதான். அதற்காக அண்ணியிடம்கூடச் சொல்லாமலா போவது?

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், தொட்டியத்துக்கு வாழைத்தார் ஏற்றப் போக வேண்டிய லாரிக்காரர் அவசரப்படுத்தியிருக்கிறார். நாசிலைக் கை பம்பில் மாட்டி அழுத்திவிட்டு இவர் வழக்கம்போல விரலை நீட்டியிருக்கிறார். டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஊசி முனை அளவுதான் புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. அழுக்குத் துணியில் துடைத்துவிட்டு, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசஞ்சாதம் சாப்பிட்டார். சாயங்காலம் விரல் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். "இந்தப் புள்ளியைக் காட்டினா டாக்டர் சிரிப்பாரு" என்றார். நானும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி. தரதரவென்று இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டாமா?

விரல் கறுத்த பிறகுதான் போனோம். கீறியபோது உள்ளேயிருந்து டீசல் வாடை அடித்ததாம். "அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன, தம்பி.

உன் அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைப் பார்த்தாலே இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. லாரிக்காரர்கள் வேறு பட்டறை தேடுகிறார்கள். விற்றுவிடலாமா என்றுகூடப் பேசுகிறார்.

ஆனால் போன வாரம், கட்டுப்போட்ட கையோடு போய்ப் பட்டறையைத் திறந்தார். தச்சர் பிச்சமுத்துவைக் கூப்பிட்டு ஒரு பெட்டி செய்யச் சொன்னார். முன்னால் கண்ணாடி, அடியில் டீசல் வடிய ஓட்டை. முந்தாநாள் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். "கனி சொன்னது இப்படித்தானே?" என்று என்னைக் கேட்டார். அடுப்படியில் கிடக்கிறவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? தெரியலீங்க என்றேன். கண்ணாடியை இடது கையால் துடைத்துக்கொண்டே அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

வா என்று அவர் உன்னைக் கூப்பிட மாட்டார். வீம்பு பிடித்த மனுஷன். நான் கூப்பிடுகிறேன். இருந்தால் இரு, இல்லாவிட்டால் ஒரு நடை வந்து, அந்தப் பெட்டி சரியாக இருக்கிறதா என்று அவரிடம் சொல்லிவிட்டாவது போ.

அங்கேயும் இதே வேலைதான் பார்க்கிறாயாம். கண்ணாடி இல்லாமல் பம்பை அழுத்தாதே. உன் பத்து விரலும் நன்றாக இருக்கட்டும், தம்பி.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அண்ணி,
பொன்னுத்தாய்