ஒட்டிய பக்கத்தையும் படித்தவள்

ஐப்பசி 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. மைதிலியின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டே உலர்த்தினேன்.

மதியம் ஆபீசுக்கு ஃபோன். அவள் கிளாஸ் டீச்சர், உடனே வரச் சொல்லி. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஏனாத்தூரில் பஸ் பிடித்தேன். விழுந்திருப்பாளோ, ஜுரமோ என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

விழவில்லை. ஜுரமும் இல்லை.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க பொண்ணுக்குப் படிக்க வரல."

எனக்குச் சுர்ரென்று கோபம். ரெண்டாவது படிக்கிற பெண். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, வரி வரியாகப் படிக்கிறாள். சொன்னேன். டீச்சர் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக் கிடந்தது. பாயசம் கொட்டியிருக்கிறது, எப்போதோ.

"ஒட்டிக்கினு இருக்கற பக்கத்தையும் சேத்துப் படிச்சிட்டா மேடம். கண்ணு ஜன்னல்ல இருக்குது, விரல் மட்டும் போய்க்கினு இருக்குது."

தனித்தனி எழுத்து தெரிகிறதாம். சேர்த்துக் கொடுத்தால் விழிக்கிறாளாம். மாதக் கடைசிக்குள் புதுப் பக்கம் ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ஒன்றாம் வகுப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டாராம்.

வாங்க வேண்டியது: துளசி, பல்பு, மைதிலிக்கு ரப்பர். எதுவும் வாங்கவில்லை.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். தூக்கமும் இல்லை.

காலையில் கூடத்தில் வழக்கம்போல் என் அகத்துக்காரர் பாசுரம் சொல்லிக்கொடுக்கும் சந்தை. தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், நடுவில் மைதிலி. பாசுரத்தில் ஒரு அடி இவர் சொல்வார், பிள்ளைகள் இரண்டு தரம் திருப்பிச் சொல்வார்கள். யார் கையிலும் புத்தகம் கிடையாது. காதில் விழுந்து நாக்கில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டவளுக்குக் கை நின்றுவிட்டது. நான் செய்ததும் இதுதானே? ஒரு வரி நான் படிப்பேன், அவள் இரண்டு தரம் சொல்வாள். தமிழ்ப் புத்தகம் முழுவதற்கும் சந்தை சொல்லி வைத்திருக்கிறேன்! அதையும் படிப்பு என்று நம்பி ஊரெல்லாம் பெருமை வேறு.

இவரிடம் சொன்னேன்.

"இதுக்குப் போய் ஏன் இப்படி வெலவெலத்துப் போறே? ஒரு தரம் கேட்டா புடிச்சுக்கற கொழந்தை. எழுத்து எங்கே போயிடும்?"

"எழுத்து எங்கேயும் போகாது. நம்மாத்துப் பொண்ணுதான் ஒண்ணாங்கிளாசுக்குப் போவா."

கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆபீசில் பக்கத்து சீட் செல்வியிடம் புலம்பல். "இன்னா மேடம் நீங்க! எங்க அக்கா பையன் மூணாவது வரைக்கும் முழிச்சிக்கினுதான் இருந்தான். இப்ப பேப்பரை வச்சிக்கினு எங்களுக்கே நியூஸ் சொல்றான்." டீ ஆறும் வரை ஆறுதலாக இருந்தது. பிறகு செல்லில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. வாயில் நுழையாத பேர்கள், வரிசையாக அறிகுறிகள். எல்லாம் மைதிலிக்குப் பொருந்துகிறது. பாதி எனக்கும்.

ஐப்பசி 6, வியாழன்

மறுபடி மழை. லைப்ரரியிலிருந்து புதுக் கதைப் புத்தகம். யானையும் நரியும்.

"அம்மா, ஒரு தரம் சொல்லு. நான் சொல்றேன்."

"மாட்டேன். நீயே பாரு."

"ஒரே ஒரு தரம்மா."

வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் உதடு அசைந்திருக்கிறது. அதைப் பார்த்தே அடுத்த சொல்லைச் சொல்லிவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை. வயிறு வலிக்கிறதாம். "படிக்கச் சொன்னா மட்டும் வயிறு வலிக்குமா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கேஸ் புக் பண்ண மறந்தேன்.

ஐப்பசி 8, சனி

வெயில். மைதிலி தானாகவே யானைப் புத்தகத்தை எடுத்து வந்து முதல் பக்கம் முழுவதும் கடகடவென்று படித்தாள். தலைகால் புரியவில்லை எனக்கு. கட்டிக்கொண்டேன். கேசரி கிளறினேன்.

நெய் விடும் நேரத்தில் அடுத்தாத்து ஆர்த்தி கேட்டில் நின்று, "ஆன்ட்டி, நான் சொல்லிக் குடுத்ததைக் கரெக்டா சொன்னாளா?"

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. மைதிலி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை எனக்கு, பயம். இந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே ஏதாவது குறை இருந்தால்? யாரிடம் கேட்பது? கேசரி அடி பிடித்துவிட்டது.

ஐப்பசி 9, ஞாயிறு

ஒரு யோசனை. நாளை ஏகாதசி. சாயங்காலம் நான் மௌன விரதம் இருந்தால்? எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுவது. விரதத்தைக் கலைக்கக் கூடாது என்று மைதிலிக்குத் தெரியும். தொந்தரவு பண்ண மாட்டாள்.

"விரதத்தை டியூஷனுக்கு வச்சுக்கறயே, அடுக்குமா?" என்று இவர் சிரித்தார். பிறகு, "நானும் அவகிட்ட வாயைத் தெறக்கலை. சந்தைக்கும் அவ கொஞ்ச நாள் வர வேண்டாம்" என்றார். அவள் குரல் இல்லாத சந்தை இவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசி 10, திங்கள்

ஆபீசிலிருந்து வந்ததும் வாய்ப்பூட்டு. சிலேட்டில் 'சொம்பு' என்று எழுதிக் காட்டினேன். ஓடிப் போய்ச் சீப்பைக் கொண்டு வந்தாள். முதலில் 'ச'வையும் கடைசியில் 'பு'வையும் பார்த்து மீதியை ஊகிக்கிறாள். எனக்குப் பட்டினி, அவளுக்காக 'தோசையா உப்புமாவா' என்று எழுதினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தோசை!" படித்தாளா, ஆசைப்பட்டாளா, பெருமாளுக்கே வெளிச்சம்.

ஐப்பசி 11, செவ்வாய்

கொட்டுகிறது. பஸ்சில் முழுக்க நனைந்தேன். விரதம் இன்னும் முடியவில்லை என்று காலையிலேயே மைதிலியிடம் சொல்லியிருந்தேன்.

சிலேட்டில் 'கதவைச் சாத்து.' சாரல் உள்ளே அடிக்கிறது. கரண்டியை எடுத்து வந்தாள், அப்புறம் கடிகாரத்தைக் காட்டினாள், அப்புறம் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானே எழுந்து போய்ச் சாத்தினேன். சமையலறையில் தரையில் உட்கார்ந்த எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"ஏம்மா அழறே?"

தலையை ஆட்டினேன்.

"பேச வேண்டாம். இதுல எழுது." சிலேட்டை மடியில் வைத்தாள்.

சின்ன வார்த்தை, பெரிய வார்த்தை என்றெல்லாம் பார்க்கவில்லை. வந்ததை எழுதினேன். பயமா இருக்கு.

பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ப... ய... பய... மா." நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து. "பயமா... இ... ரு... இருக்கு."

சிலேட்டிலிருந்து விரலை எடுத்தாள்.

"எனக்கும்தாம்மா," என்றாள். "நீ பக்கத்துல ஒக்காந்தா."