கடரி கேட்டது

என் தங்கச்சிக்கு,

அன்று காலை வாசலில் அம்மா, சித்தி, கிளீனர் அண்ணன், அப்பாவின் இடுப்பில் நீ, கதவோரம் நான். லாரி உறுமிக்கொண்டு நின்றது.

காட்டு ரோட்டில் லாரியை மறித்த கரடியின் கதையை அப்பா பாதியில் விட்டுவிட்டார். உனக்குக் கரடி என்று வாயில் வராது. "கடரி என்னப்பா கேட்டுச்சு?" என்று அழுதாய்.

"பாத்துடி, நாக்கு சுளுக்கிக்கப் போகுது" என்று சித்தி சிரித்தாள்.

அப்பா மீதியை உன் காதில் மட்டும் சொன்னார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

"எனக்குப்பா?"

"நீ பெரியவ. உனக்கு வந்து சொல்றேன்."

லாரி திரும்பி வந்தது. வேறு ஒருவர் ஓட்டி வந்தார்.

எப்போது கேட்டாலும் "மறந்துட்டேன்க்கா" என்கிறாய். பேத்திக்குச் சொல்லும்போது நானும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன். "அப்புறம் பாட்டி?" என்கிறாள். நான் என்ன சொல்ல?

திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். பெரிதாக ஒன்றுமில்லையாம். அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. நினைவில்லாவிட்டால் பொய்யாவது சொல். ஆனால் காதில் சொல்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அப்பாவோடு போய்விட்ட சித்தியைக்கூட, அவள் கண்ணை மூடிய பிறகு, மன்னித்துவிட்டேன். "உனக்கு வந்து சொல்றேன்" என்று போன அப்பாவைத்தான் மன்னிக்க மாட்டேன்.

கதவோரமே நிற்கும்,
உன் அக்கா