ஆடிட் நாளின் பதில்கள்

என் அம்மாவுக்கு,

நீ பார்க்காமல் போன பட்டத்தை வாங்கிவிட்டேன். மூன்று வருஷப் பட்டத்துக்கு மேல் இப்போது நாலாவது வருஷம், ஆனர்ஸ். சமூகப்பணியில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் திட்டத்தை வைக்க வேண்டும். இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

உடம்பு முடியாத நாளில் ஃபேக்டரி லைனில் நிற்கும் பெண்கள் யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. ஏன் இது என்று ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் கேட்டார். ஒரகடம் பக்கம் வீடு என்று மட்டும் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்டுப் பார்க்க, போன ஞாயிறு மண்ணூரில் ஃபேக்டரி வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்குப் போனேன். கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை, கையில் கேள்வித்தாள் செருகிய பரீட்சை அட்டை, தேய்த்த சுடிதார். பேச வராதவளுக்கு இதெல்லாம் ஒரு தைரியம். பன்னிரண்டு பேர், அரை மணி நேரம். "சூப்பர்வைசரிடம் சொல்வோம், நர்ஸ் ரூமுக்கு அனுப்புவார்." எல்லாத் தாளிலும் இதே பதில். எனக்கோ சந்தோஷம்.

செருப்பு மாட்டும்போது இசக்கியம்மாள் என்ற பெண் வந்து கேட்டாள்: "யக்கா, நாங்க சொன்னது எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"எதுக்குச் சரியா?"

"ஆடிட்டுக்குத்தான். எங்கள நல்லா வச்சிருக்காவளான்னு கம்பெனியச் சோதிக்க ஆளு வர்றதுக்கு முந்தி இப்படித்தான சொல்லிக் குடுப்பாவ. நீங்க ஆடிட்டு மேடம்தான?"

"இல்லைங்க, நான் காலேஜ்ல படிக்கிறேன்."

அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "ஏட்டி, இது படிக்கிற புள்ளையாம்! வீணா ஒப்பிச்சுட்டோம்!" ஒரே சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

உன்னோடு வேலை பார்த்த மேரி அக்காவிடம் சொன்னேன். "பின்ன இன்னாடி? கழுத்துல டேக் மாட்டிகினு போனா, உன்னாண்ட வயித்து வலியவா சொல்லுவாங்க? அந்தப் பதில ஒப்பிக்கிறதுல எங்க லைன்லயே உங்கம்மாதான் ஃபர்ஸ்ட்டு."

அதிலிருந்துதான் இந்தத் தவிப்பு. ஷிஃப்ட் முடிந்து வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். என்னம்மா என்றால், "சூப்பர்வைசராண்ட சொன்னேன், நர்ஸ் ரூமுக்கு அனுப்புனாரு" என்பாய். வயிற்றுக் கட்டி, காப்பாற்ற முடியாத அளவுக்கு முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கும் அதையேதான் ஒப்பித்தாயா? கேட்ட கையோடு புத்தகத்துக்குத் திரும்பினேனே, அதனாலா?

மேடம் தாள்களைப் புரட்டி, நல்ல தெளிவான பதில்கள் என்றார். அப்படியே கொடுத்துவிடு, மார்க் வரும் என்கிறாள் தோழி. கொடுத்தால் உன் பொய்யையே நானும் டைப் செய்து பைண்ட் போட்டதாகாதா?

அதனால் திங்கட்கிழமை எழுந்து நிற்பேன். இவை ஆடிட்டுக்குப் பழக்கிய பதில்கள், என் கேட்கும் முறைதான் தப்பு என்று சொல்வேன். தலைப்பே வேண்டாம் என்றாலும் சொல்வேன். "துணி தொவைக்கையில வாங்க, பேசலாம்" என்றிருக்கிறாள் இசக்கியம்மாள். போவேன். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, உனக்கு நடந்ததையும் சொல்வேன். அவர்கள் பேசத் தாமதமானால் காத்திருப்பேன். இந்த முறை அவசரப்பட்டு எழுந்துவிட மாட்டேன், அம்மா.

இன்னும் கேட்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் மகள்