மிஸ்டு கால் ஊருக்கு ஒரு டவர்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். எதிர் டீக்கடை தெரியவில்லை, வடை வாசனை மட்டும் வருகிறது. ஷட்டர் மறுபடியும் பாதியில் சிக்கல். கிரீஸ் வாங்க வேண்டும். சார்ஜர் வயர் தீர்ந்துவிட்டது. இயர்போன் யாரும் கேட்பதில்லை, இனி எடுக்கக் கூடாது.

சேலத்திலிருந்து கார்த்திக் வந்தான். குருவி செல்போன் கம்பெனியின் ஏரியா மேனேஜர். கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி வந்த முகம், வெளிறிப் போயிருந்தது. இஞ்சி டீ கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே தெரிந்துவிட்டது, நல்ல சேதி இல்லை.

"அக்கா, செம்மநத்தம் டவரை நிறுத்தச் சொல்லி மேல பேச்சு ஓடுதுங்க. மாசக் கடைசில முடிவு பண்ணிருவாங்க."

"ஏன்?"

"அங்க யாருமே போன் பேசறதில்லீங்க்கா. டீசல் செலவுக்குக்கூட கட்டுபடி ஆகலைங்கறாங்க."

யாரும் பேசுவதில்லையா! செம்மநத்தத்தில் குருவி சிம் இல்லாத வீடே கிடையாது. பாதி என் கையால் போட்டுக் கொடுத்தது. பெரிய கம்பெனி சிக்னல் கொட்டச்சேட்டில் இந்தக் கடை வாசலோடு சரி, அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. குருவி டவரை நிறுத்தினால் அங்கே பிரசவ வலி வந்தால்கூட ஆள்தான் ஓட வேண்டும்.

கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான். "சிம் இருக்குதுங்க்கா. ஆனா ரீசார்ஜெல்லாம் உங்க கடைப் பேர்ல கொட்டச்சேடுன்னு போகுது. டவரைப் பார்த்தா பேச்சே இல்ல. ஊரே காலியாட்ட காட்டுது" என்றான்.

அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தால், சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். மிஸ்டு கால்! செம்மநத்தம் முழுக்க மிஸ்டு காலில்தானே ஓடுகிறது. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பழனிசாமி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நாளைக்கு வேலை உண்டு. இரண்டு கொடுத்தால் மழை, வர வேண்டாம். பதிலுக்கு ஒன்று கொடுத்தால் வருகிறேன் என்று அர்த்தம். ரேஷனில் சர்க்கரை வந்தால் ஒன்று. போன் அடித்தால் எடுப்பது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. எடுத்துவிட்டால் "என்ற காசைத் தின்னுட்டீங்களே" என்று சண்டை.

இப்போது மாதம் போடும் காசிலேயே பேச்சும் சேர்த்தி. எத்தனை பேசினாலும் கூடுதலாக ஒரு பைசா கிடையாது. இருந்தும் அதே பழக்கம்.

நவம்பர் 12, புதன்

தூறல். இவரிடம் சொன்னேன். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார், தலையை வெளியே நீட்டவில்லை.

"ஏம்புள்ள, டவரு என்ன உங்கப்பன் ஊட்டுச் சொத்தா? போனா போகட்டும். பெரிய கம்பெனி போர்டை மாட்டு, கமிஷனாவது ஒழுங்கா வரும்."

சாயங்காலம் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது. வேண்டுமென்று போடவில்லை. வேண்டுமென்றேதான் போட்டேன் என்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

குளிர். ஸ்வெட்டரில் நாப்தலின் வாசனை.

பெரிய கம்பெனி ஆள் வந்தார். இனி பெ.க. என்றே எழுதுகிறேன், முழுசாக எழுத மை வீண். டை கட்டியிருந்தார். கொட்டச்சேட்டில் டை! கடை முழுக்க போர்டு, விளக்கு, கண்ணாடி மேசை, எல்லாம் இலவசமாம். ஒரே நிபந்தனை, குருவி விற்கக் கூடாது.

"மேடம், குருவியெல்லாம் எத்தனை நாளைக்குங்க? சின்னக் கம்பெனி. நாலு டவரை வெச்சுக்கிட்டு எங்களோட மோத முடியுங்களா?"

"செம்மநத்தத்துக்கு உங்க சிக்னல் எப்ப வருமுங்க?"

"அடுத்த வருசம் பிளான்ல இருக்குங்க."

போன வருடமும் அடுத்த வருடம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தக் கண்ணாடி மேசை நன்றாகத்தான் இருந்தது படத்தில்.

எனக்கு ஒன்று புரிகிறது. குருவிக்கு ஏழைபாழை மேல் பாசம் என்றெல்லாம் நான் நம்பவில்லை. அதுவும் கம்பெனிதான், லாபம் பார்க்கத்தான் வந்தது. ஆனால் கீழே ஒருத்தன் பாதி விலைக்குக் கொடுத்துக்கொண்டு நிற்பதால்தான் மேலே இருப்பவன் விலை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவையாவது தலையைச் சொறிகிறான். குருவி போய்விட்டால் பெ.க. வைத்ததுதான் விலை. அப்புறம் யாரிடம் போய் அழுவது? மலிவு என்றால் மட்டம் என்று எவன் சொன்னது? செம்மநத்தத்தில் கிடைக்கிற சிக்னல் மட்டமா, கிடைக்காத சிக்னல் மட்டமா?

சோப்பு, சீயக்காய், கொத்தமல்லி.

நவம்பர் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜீப்பில் செம்மநத்தம். கூட்டிப் போக மாட்டேன் என்றவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். குழம்பு வேலை செய்கிறது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டம். லீவு நாள், துணி துவைக்கிற நேரம். நின்றபடியே சத்தமாகச் சொன்னேன். டவர் போகப் போகிறது. ஊரில் யாரும் பேசுவதில்லை என்று கம்பெனி நினைக்கிறது. இன்றிலிருந்து யாரும் மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது. போன் அடித்தால் எடுக்க வேண்டும். பேச வேண்டும்.

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் லட்சுமி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பேசுனா காசு போயிருமுங்களே?"

"போகாதுங்க. மாசம் போடற காசுலயே பேச்சும் இருக்குது."

"அப்ப இத்தனை வருசமா?"

"இத்தனை வருசமா சும்மாதான் வெச்சிருந்தீங்க."

"ஏனுங், ரீசார்ஜ் போடறது நீங்கதானுங்களே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"சொன்னேன். கம்பெனிக்காரன் சும்மா தருவானான்னு சிரிச்சீங்க."

சிரித்தார்கள், இப்போதும். ஆனால் ரைட்டர் பழனிசாமி சிரிக்கவில்லை. எட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார். அதே ஊர்க்காரர், ஆனால் எஸ்டேட் தொப்பி ஞாயிற்றுக்கிழமையும் தலையில்.

"ஏனுங்க ஸ்டெல்லா, என்ற பொழப்புல மண்ணைப் போடறீங்களே. மிஸ்டு கால் கொடுத்தா வேலைக்கு வந்துட்டுப் போயிருவாங்க. பேச ஆரம்பிச்சா ஒருத்தி லீவு கேப்பா, ஒருத்தி அட்வான்ஸ் கேப்பா. நான் கொடுக்கறது மிஸ்டு கால்தானுங்க, யாரு தடுக்கறீங்கன்னு பாக்கறேன்."

"கொடுங்க. இவங்க எடுத்துருவாங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது. தொட்டியைச் சுற்றி ஒரே கைதட்டல்.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் இவர், "நல்லாத்தான் கத்துன" என்றார்.

நவம்பர் 19, புதன்

வெயில்! மொட்டை மாடியில் மெத்தையைக் காயப் போட்டேன்.

ரைட்டர் நேற்று மாலை வழக்கம்போல ஆளாளுக்கு அடித்திருக்கிறார். முதல் மணியிலேயே எல்லோரும் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி "சாப்பிட்டீங்களா ரைட்டர் சார்?" என்று கேட்டாளாம். இன்னொருத்தி, போன வார எடையில் குறை என்று ஆரம்பித்து விடவே இல்லையாம். வேலைக்குச் சொல்லி முடிக்க இருட்டிவிட்டதாம். கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். போகும்போது ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் போனார்.

எனக்கு நாளெல்லாம் உற்சாகம். ஷட்டருக்கு கிரீஸ் போட்டாயிற்று.

நவம்பர் 22, சனி

மழை. மூக்கு அடைப்பு. ஆவி பிடிக்க வேண்டும்.

இன்று வேறு கதை. "ஸ்டெல்லாக்கா, உங்க பேச்சைக் கேட்டு எல்லாரும் பேசறாங்க, இப்ப லைனே கெடைக்க மாட்டீங்குது" என்று வந்தவர்களெல்லாம் புகார். சாயங்காலமானால் ஊரே ஒரே நேரத்தில் பேசுகிறது, டவர் திணறுகிறது. கார்த்திக்கிடம் சொன்னேன். "திணறட்டுமுங்க்கா, நல்லதுதான், மேல தெரியும்" என்றான். அவன் குரலில் முதல் முறையாகத் தெம்பு.

மதியம் லட்சுமி அக்கா வந்தார், முந்தானையில் தலையை மூடிக்கொண்டு. ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றும் வாங்கவில்லை.

மகள் கவிதா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவார். நேற்றுதான் முதல் முறையாக எடுத்திருக்கிறார்.

"எடுத்ததுமே புள்ள அழுகறாளுங்க. காய்ச்சலு, ஆசுபத்திரி போயி ஊசி போட்டுட்டு வந்தாளாமா. ராத்திரி ஷிப்டுக்கு வேற மாத்தீட்டாங்களாம். ஏஞ்சாமி, என்கிட்டச் சொல்லக்கூடாதான்னு கேட்டா, 'நீதான் எடுக்கவே மாட்டியேம்மா'ங்கறா."

காய்ச்சலிலும் விடாமல் அந்த ஒரு மணியை அடித்திருக்கிறாள். அக்காவும் சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். நான் பாட்டுக்கு டவரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினேன். இப்படி ஒன்று இதற்குள் இருக்கும் என்று நினைக்கவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் ஒருத்தன் பேட்டரி கேட்டு வந்தான், எழுந்துவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

மூட்டம். பஸ் தாமதம். கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்ய மூங்கில் வேண்டும் என்று சர்ச் வேலை பார்க்கும் கோயிற்பிள்ளை சொல்லியனுப்பினார்.

கார்த்திக் போன். மேலே இரண்டு கட்சியாம். பேச்சு கூடியிருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒன்று. நாலு நாள் கூத்து, அடங்கிவிடும், நிறுத்து என்கிறது இன்னொன்று. "ஒண்ணாந்தேதி காலைல சிக்னல் இருந்தா இருக்குதுங்க்கா. இல்லைன்னா இல்ல. எனக்கே முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க."

இன்னொன்றும் சொன்னான், தயங்கித் தயங்கி. டவர் இருந்தாலும் விலை கொஞ்சம் ஏறும். வாங்குகிற காசில் ஓட்ட முடியவில்லையாம்.

வந்தது கோபம். இத்தனை கத்திவிட்டு ஊர் முகத்தில் எப்படி முழிப்பது? "பெ.க. அளவுக்கு ஏறுமா?" "இல்லீங்க்கா, அதுல முக்காலைத் தாண்டாதுங்க. அதுக்கு மேல ஏத்துனா எங்ககிட்ட யாரு வருவாங்க?" என்றான். அது உண்மை. விலைதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே ஆயுதம்.

ஒளிக்கவில்லை. சாயங்காலமே லட்சுமி அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஊரில் சொல்லிவிடச் சொல்லி.

"ஏறுனா ஏறுதுங்க. ஒரு மணியைக் கேட்டுட்டு புள்ள நல்லாருக்கான்னு ஏமாந்துட்டுக் கெடந்தனே, அதைவிடவா இது நட்டம்?"

எல்லோரும் இப்படிச் சொல்லவில்லை. நானும் கம்பெனியும் கூட்டு என்று இரண்டு பேர் பேசுகிறார்களாம். பேசட்டும். பேசினால் டவருக்கு நல்லது.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. ஊதா மெழுகுவர்த்தி. பிரசங்கம் காதில் ஏறவில்லை. விழித்திருங்கள் என்றார் பாதர், நான் எங்கே தூங்கினேன்.

இவர்: "நிறுத்திட்டா என்ன பண்ணுவ?"

நான்: "சேலம் ஆபீசுக்கு ஊரையே கூட்டிட்டுப் போவேன். உங்க ஜீப்புல."

இவர்: "டீசலு யாரு போடறது?"

இட்லி மாவு ஆட்ட வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

மூட்டமோ மூட்டம். கடை திறந்தேன். கொட்டச்சேட்டு சிக்னல் வேறு டவர், இதை வைத்து ஒன்றும் தெரியாது. லட்சுமி அக்காவுக்கு அடித்துப் பார்க்கலாம். கை வரவில்லை. எடுக்காவிட்டால்? எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொன்னால்? போனைக் கல்லாவின் மேல் கவிழ்த்து வைத்தேன். திருப்பினேன். மறுபடி கவிழ்த்தேன்.

பெ.க. ஆள் வேனோடு வந்துவிட்டார். போர்டும் கையோடு. ஏணி போடச் சொல்லி ஆளுக்குக் கைகாட்டினார். நான் சரி என்றே சொல்லவில்லை!

"ஏணியை எடுங்க" என்றேன்.

"மேடம், குருவி செம்மநத்தத்தை இன்னிக்கு மூடறாங்கன்னு எங்களுக்கே தகவல் வந்துருச்சுங்க. இனி யாருக்காக வெச்சிருக்கீங்க?"

நிஜமாக இருக்கலாம், புளுகாகவும் இருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

"மூடுனா மூடட்டுமுங்க. நாங்க போயித் திறக்கச் சொல்லுவோம். உங்க சிக்னல் செம்மநத்தத்துல இறங்கற அன்னிக்குப் போர்டோட வாங்க, ரெண்டையும் வெச்சு விக்கறேன். ஒண்ணை மட்டும் விக்கற கடை இது இல்லீங்க."

போர்டை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி மேசையும் போயிற்று. டீ வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறான்.

இதோ அடிக்கிறது. ரைட்டர் பழனிசாமி. மதியச் சாப்பாட்டுக்கு இந்த நேரத்தில் செம்மநத்தத்தில் வீட்டில்தான் இருப்பார், அங்கே குருவி டவரை விட்டால் வேறு சிக்னல் இல்லை. ஒரு மணி. இரண்டு. மிஸ்டு கால் கொடுத்தே தீருவேன் என்ற மனுஷன். மூன்று. வைக்கவில்லை. நாலு. விலை ஏறியதற்குத் திட்டத்தான் கூப்பிடுகிறார். திட்டட்டும், வாய் வலிக்கத் திட்டட்டும், எடுக்கிறேன்