கொடைக்கானல் கடையில் ஒரு வெள்ளை மெத்தை

19-1-1959, திங்கள்

கடை திறந்து இன்றோடு ஆறு நாள். இதுவரை விற்றது ஒரே ஒரு கைக்குட்டை. வாங்கியவர் பக்கத்து டீக்கடை சுவாமிநாதன். அதையும் இன்று காலையில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "ரொம்ப சாஃப்ட்டா இருக்கு ஸார், இந்த ஊர் ஜலதோஷத்துக்குத் தாங்காது" என்றார். மூக்குச் சிந்திய கைக்குட்டையைத் திருப்பி வாங்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் மெத்தைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மெத்தை என்றால் சாதாரண மெத்தையா? கடைத் தரை முழுக்க இலவம்பஞ்சு, மேலே சலவை செய்த வெள்ளை விரிப்பு. அண்ணன் நாச்சிமுத்து பழனியிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பியது. "ஜவுளிக்கடைக்கு மெத்தைதாம்லே மரியாதை. ஆளை உக்கார வச்சிட்டா பாதி வித்த மாதிரி" என்றார். உண்மைதான். எங்கள் பழனி அடிவாரத்தில் செருப்பை வாசலில் விட்டு ஏறி, காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் துணி பார்ப்பார்கள். இங்கே ஏற ஆளில்லை. நானே ஏறி நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் வைத்த கெடு தீபாவளி. அதற்குள் கடை நிற்காவிட்டால் இறங்கிப் போய் அவர் கடையில் மறுபடி விபூதிப் பொட்டலம் மடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் மடித்தாயிற்று. தூக்கத்தில்கூட விரல் மடிக்கிறது என்று விசாலாட்சி சொல்வாள். அவளை அண்ணன் வீட்டில்தான் விட்டு வந்திருக்கிறேன். பஸ் ஏறும்போது, "கடை நின்னா நான் வாரேன். நிக்கலைன்னா நீங்க வாங்க. ரெண்டுல ஒண்ணு வெரசா நடக்கட்டும்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான் வத்தலக்குண்டு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

20-1-1959

தைப்பூசம் வருகிறது. தைப்பூசம் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் மஞ்சள் வேட்டி. பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்த கணக்கு இது. ஐம்பது மஞ்சள் வேட்டி வாசலில் கட்டித் தொங்கவிட்டேன். சுவாமிநாதன் பார்த்துவிட்டு, "ஸார், சீசன் ஏப்ரல்லதான் ஸ்டார்ட்" என்றார். டீ ஆற்றுகிறவருக்கு ஜவுளி என்ன தெரியும்?

22-1-1959

கூட்டம் வந்தது. என் கடையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. பஸ் ஏறி பழனிக்குப் போய்விட்டது. இடம் கிடைக்காதவர்கள் நடந்தே இறங்கினார்கள். எல்லோரும் அண்ணன் கடையில் மஞ்சள் வேட்டி வாங்குவார்கள். ஊரில் நானும் பனியும்தான் மிச்சம்.

9-2-1959

விசாலாட்சிக்குக் கடிதம். நான்கு பக்கம். 'கடையில் கூட்டம் அலைமோதுகிறது, மெத்தையில் உட்கார இடமில்லை, மஞ்சள் வேட்டிக்கு ஏக கிராக்கி' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

பொய்தானே? ஆமாம், பொய்தான். அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். 'ஒரு கைக்குட்டை விற்றேன், அதுவும் திரும்பி வந்துவிட்டது' என்றா எழுத முடியும்?

3-3-1959

அண்ணனிடமிருந்து பார்சல். கிராக்கி என்று கேள்விப்பட்டு மேலும் நூறு மஞ்சள் வேட்டி அனுப்பியிருக்கிறார்.

நூறு!

26-4-1959, ஞாயிறு

சீசன். ஊர் கொள்ளாத ஜனம். அத்தனை பேர் காலிலும் பூட்ஸ்.

ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆசையாக வந்தார். மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு கால் முடிந்து மறு காலுக்கு வருவதற்குள் வெளியே நின்ற துரை மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அம்மாள் ஏறி உட்கார்ந்து மெல்லிசான ஒரு வாயில் துணியைத் தொட்டதும் துரை கூப்பிட்டார். மறுபடி இரண்டு காலுக்கும் கயிறு கட்டிக்கொண்டு போனார். போகும்போது "ஸாரி" என்றார். நல்ல மனுஷி.

மெட்ராஸ்காரர்கள் வாசலில் நின்றபடியே "ஸ்வெட்டர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். என்னிடம் இருப்பது மல், வாயில் என்று மெல்லிசுத் துணி, நூற்றைம்பது மஞ்சள் வேட்டி. தவிர, வத்தலக்குண்டு மொத்தக் கடைக்காரர் என் தலையில் கட்டிய, குளிருக்கான பிளானல் துணி மூன்று கட்டு. உடம்பு வேர்க்கிற ஊரில் நின்றுகொண்டு அதை எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

14-6-1959

சீசன் முடிந்தது. மழை.

15-6-1959

மழை.

16-6-1959

மழை. மதியம் சுவாமிநாதன் வந்து மெத்தையில் நீட்டிப் படுத்து, ஒரு வேட்டியை எடுத்துத் தலையோடு போர்த்தித் தூங்கினார். "சூப்பர் மெத்தை ஸார்" என்றார். ஒரு ஆளாவது ஏறினாரே. இனி தினமும் வருவாராம்.

19-7-1959, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பள்ளங்கி, பேத்துப்பாறையிலிருந்து பெண்கள் பூண்டு மூட்டையோடு வருகிறார்கள். அதில் ஒருத்தி வாராவாரம் என் கடை எதிரில் மழையில் நின்று பிளானலையே பார்க்கிறாள். முருகம்மாள் என்று பெயர், மற்றவர்கள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். இன்று, "உள்ள வாங்க தாயி" என்றேன். தன் காலைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், விறுவிறுவென்று போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ள வந்தா கடிச்சா தின்னுருவேன்? துணி பாக்கக் கூடவா பயம்? அப்படி என்னதான் இருக்கு என் மூஞ்சில?

26-7-1959

விசாலாட்சிக்கு ஐந்து பக்கம் எழுதினேன். கூட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பக்கம் எப்படியோ கூடிவிட்டது. மனசு சரியில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

16-8-1959, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் கூரைத் தகரம் பெயர்ந்து மெத்தை நடுவில் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. இலவம்பஞ்சு ஊறி மெத்தை பன்றி மாதிரி உப்பிவிட்டது. நானும் சுவாமிநாதனும் துணிகளை வாரிக்கொண்டு டீக்கடைத் தாழ்வாரத்துக்கு ஓடினோம். சந்தைக்காரர்கள் அங்கே இறக்கியிருந்த பூண்டு மூட்டைகள்மேல் அப்படியே போட்டேன். பிளானல் மேலே கிடந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

நிமிர்ந்தால் பத்துப் பெண்கள். சேற்றுக் காலோடு சுற்றி நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். முருகம்மாள் பிளானலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இது எம்புட்டு நாளாக் கெடக்கு அண்ணே? வெள்ளனே பூண்டு வயல்ல எறங்குனா கையி வெறைச்சிப் போகுது. முழுக்கை ஜாக்கெட்டு தச்சுக்கிட்டா எம்புட்டு நல்லாருக்கும்!"

"ஏழு மாசமா உள்ளேதாம்மா இருக்கு. நீதான் வரவே மாட்டேன்ட்ட" என்றேன்.

"எப்பிடி வர? எங்க கால்ல பாதி வயலு இருக்கு. அதுவும் போக, வெள்ளைய விரிச்சு ஒரு ஆளு மூஞ்சி வரைக்கும் போத்திப் படுத்துக் கெடக்கவும், பாவம், துக்க வீடுன்னுல்ல நெனச்சோம்! எங்க ஊருல ஒருத்தரும் இந்தக் கடைப் படி ஏறவேணாம்னு சொல்லி வச்சிட்டேன்."

சுவாமிநாதன் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டார்.

ஒரு பிளானல் கட்டு காலி. சாயங்காலம்வரை அளந்து அளந்து தோள் வலி. இப்போதும் நினைத்தால் சிரிப்பாகவும் அழுகையாகவும் வருகிறது. அண்ணன் மரியாதைக்காகக் கொடுத்த மெத்தை, வியாபாரத்தையே பாடையில் ஏற்றியிருக்கிறது!

18-8-1959

மெத்தையைப் பிரித்துவிட்டேன். பஞ்சை யாரும் இலவசமாகக்கூட வாங்க மாட்டேன் என்கிறார்கள். கடையில் இப்போது வெறும் பலகைத் தரை. செருப்பு, பூட்ஸ், சேறு, எல்லாம் உள்ளே வரலாம்.

23-8-1959, ஞாயிறு

தையல்காரர் வேலப்பனைக் கடை வாசலில் மிஷினோடு உட்கார வைத்தேன். டேப்பை எடுத்தால் பெண்கள் ஓடிவிடுகிறார்கள். தள்ளி நின்று கண்ணாலேயே அளவு சொல்கிறேன், அவர் வெட்டுகிறார். இதுவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு இப்படி ஒரு கண் இருப்பது எனக்கே தெரியாது.

30-8-1959

உள்ளே லைனிங் வைத்தால் இன்னும் கதகதப்பு என்றார் வேலப்பன். லைனிங்குக்குத் துணி? மஞ்சள் வேட்டி!

6-9-1959

விசாலாட்சிக்குக் கார்டு. 'நலம். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.'

20-9-1959

மஞ்சள் வேட்டி தீர்ந்தது. பிளானல் வத்தலக்குண்டிலிருந்து இரண்டாம் தடவை வந்து இறங்கியது.

4-10-1959

பேத்துப்பாறை ஆர்டர் நாற்பது. கை ஓயவில்லை.

18-10-1959, ஞாயிறு

அண்ணன் வந்தார்! சொல்லாமல் கொள்ளாமல். சந்தை நேரம். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதற்குள் கூட்டிப்போக வந்துவிட்டாரா?

"இருங்கண்ணே, வந்துட்டேன்" என்றேன். வர முடியவில்லை. பள்ளங்கிப் பெண்கள் விடவில்லை. குளிரில் பல் கிட்டிக்க, துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு பூண்டு மூட்டைமேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார் மனிதர். வெறுங்காலில் சேற்றோடு ஜனம் கடைக்குள் ஏறுவதை வாயைத் திறந்தபடி பார்த்தார். மெத்தை எங்கே என்று கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்தான் பேசினார்.

"கடை ஈயாடுதுன்னு மலையிலருந்து வந்தவங்க சொல்லவும், ஒன்னையக் கூட்டிட்டுப் போக ஆடியிலயே கெளம்பிட்டேம்லே. விசாலாட்சிதான் விடல. தீவாளி வரைக்கும்னு சொன்ன சொல்லு மாறக்கூடாதுன்னுட்டா."

"அவளுக்கென்ன, கடையில கூட்டம்னு நான்தான் எழுதுனேனே" என்றேன், கொஞ்சம் விறைப்பாக.

அண்ணன் சிரித்தார். "நாங்கதாம்லே மொதல்ல நம்புனோம். நம்பித்தான் நூறு வேட்டி அனுப்புனேன். கூட்டம் இருக்கிறவருக்கு நாலு பக்கம் எழுத ஏது நேரம்னு அவளுக்கு மொத லெட்டர்லயே தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட மூச்சு விடல. நீ எழுதுன கூட்டத்தை அப்பிடியே ராகம் போட்டு வாசிச்சா. போன மாசம் ஒரு கார்டு வந்துச்சு, மூணு வரி. அதக் கையில வச்சிக்கிட்டு அடுப்படியில ஒக்காந்து அழுதுட்டா. என்னமோ ஏதோன்னு பதறிப் போய் கேட்டா, 'யாவாரம் நடக்குது மாமா'ங்கா."

எட்டு மாதம் நான்தான் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன்.

பஸ் கிளம்பும்போது அண்ணன் தலையை வெளியே நீட்டி, "வெள்ளிக்கெழமை அவளை பஸ் ஏத்தி விடுறேன். வெந்நி போட்டு வையி, ஐஸா இருக்குலே ஒங்க ஊரு" என்றார்.

உங்கள் ஊர் என்றார்.

21-10-1959

விசாலாட்சிக்கு ஒரு பிளானல் ஜாக்கெட் தைக்கச் சொன்னேன். "அளவு?" என்றார் வேலப்பன். பள்ளங்கியில் பாதிப் பேருடைய தோள் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அளவு தெரியவில்லை. பொட்டலம் மடித்துக்கொண்டு குனிந்தே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு தரம் மாற்றிச் சொன்னேன். வேலப்பன் சிரிக்காமல் வெட்டினார். அதுவே பெரிய உபகாரம்.

23-10-1959, வெள்ளி

வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து நடுங்கிக்கொண்டே இறங்கினாள். அங்கேயே ஜாக்கெட்டைக் கொடுத்தேன். புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். தோள் சரி. கை இரண்டும் நான்கு விரல் கூடுதல் நீளம். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"குடு, வேலப்பன்கிட்ட வெட்டி வாங்கித் தாரேன்" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள். அந்தத் தொங்குகிற கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடை வரைக்கும் விடவில்லை.