மறுவீட்டுக்கு எந்த நிறச் சேலை

குளியாப்பிட்டி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி இசுருவுக்கு அக்கா நிலாந்தி எழுதுவது.

நாங்கள் நலம். அங்கே குளிர் இறங்கிவிட்டதாகச் சொன்னாய். பட்டறையில் வேலை முடிந்து வியர்வையோடு வெளியே வராதே. போன வருஷம் மார்ச்சளி பிடித்துக் கிடந்தாய்.

தினமும் போனில் பேசும்போது இந்தக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போது போன் அம்மா கையில் இருக்கிறது. என்னிடம் தரும்போதும் அம்மா என் தோளை ஒட்டித்தான் நிற்கிறாள். பக்கத்துத் தெரு சுமித் விடுமுறை முடிந்து கொரியா திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். அறையில் உன்னோடு இருக்கும் பையன்கள் தூங்கிய பிறகு படி.

முதலில் உன் கல்யாண மண்டபம். குருநாகல் ஏரிக்கரை மண்டபம் படத்தில் அழகாய் இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தேன். நடுவில் இரண்டு பெரிய தூண்கள். பின்வரிசையில் உட்கார்ந்தால் மணமேடையே தெரியாது. நம் ஊர்ச் சனங்களைத்தான் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள். நாரம்மலைச் சாலையில் இன்னொரு மண்டபம் இருக்கிறது, சின்னது, ஆனால் திறந்த வெளிச்சம். இமேஷாவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. உன்னிடம் சொல்லத் தயங்குகிறாள், நீயே கேள்.

சோதிடர் கொடுத்த சுபநேரம் காலையில் வெகு சீக்கிரம் வருகிறது. பெண்ணுக்குக் கண்டி முறையில் ஒசரிச் சேலை கட்டி, தலை முடித்து, நகை பூட்ட விடியுமுன்னே உட்காரவேண்டும். அதனால் முதல்நாளே மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை வேண்டும். படம் எடுப்பவர்களிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவை, வயல் வரப்பு, ஏரிக்கரை என்று உங்களை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் அப்படித்தான் போனார்கள். இங்கே பந்தியில் சோறு ஆறிப்போனது, அங்கே வெயிலில் அவள் மயங்கி விழுந்தாள். காலையில் பெண்ணை ஏதாவது சாப்பிடவையுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

அப்பா இல்லாத குறைக்கு மாமாதான் மேடையில் உன் பக்கம் நிற்பார். என்னை மேடையருகே வரவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், வாழாமல் வந்தவள் நிற்கக்கூடாதாம். அதற்காக நீ அம்மாவோடு சண்டை போடாதே. கேக் பெட்டிகளை எல்லோருக்கும் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சண்டை போடவேண்டிய விஷயம் வேறு.

போன வாரம் இமேஷாவை அழைத்துக்கொண்டு குருநாகலுக்குச் சேலை பார்க்கப் போனேன். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாய் விரித்துப் போட்டாள். இமேஷா எதையும் தொடவில்லை. ‘அக்கா, மறுவீட்டுக்குச் சிவப்புதான் எடுக்கணுமா?’ என்று கேட்டாள். பிடித்ததை எடு என்றேன். ‘உங்க அம்மா எங்க அம்மாகிட்ட சிவப்பும் எடுங்க, வெள்ளையும் ஒண்ணு எடுங்க, எது வேணும்னு அன்னைக்குத் தெரியும்னு சொன்னாங்களாம்’ என்றாள்.

கடைக்காரப் பெண்ணிடம் பிறகு வருகிறோம் என்று சொல்லி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க் கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கே கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே உறை பிரிக்காத புது பிளேடு. அவளுடைய பெரியம்மா கொடுத்ததாம். ‘எதுக்கும் இருக்கட்டும், கால் விரல் இடுக்குல கீறிக்கோ, யாருக்கும் தெரியாது’ என்று சொன்னாராம். ‘எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை அக்கா. ஆனா பள்ளிக்கூடத்துல நான் தடை ஓட்டம் ஓடினவ. ஒருவேளை இரத்தம் வரலேன்னா?’ என்று கேட்டாள். தம்பி, உன்னைக் கட்டப்போகிற பெண் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த முதல் பொருள் அந்த பிளேடு.

இப்போது நான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். என் கல்யாணம் ஜாதகம் பொருந்தாமல் முறிந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்.

மாவனல்லையில் அன்று இரவு கட்டிலில் வெள்ளைத் துணி விரித்தது என் மாமியார். காலையில் அவரும் அவர் தங்கையும் கதவைத் தட்டி உள்ளே வந்து, என்னை எழுந்து நிற்கச் சொல்லி, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. என் கணவர் பிரியந்த கைக்கடிகாரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ‘தப்பு எதுவும் பண்ணலேன்னா ஏன் அழறே?’ என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார்.

மறுவீட்டுக்கு அம்மா பார்த்துப் பார்த்து எடுத்த சிவப்புச் சேலை பெட்டியிலேயே கிடந்தது. துணியில் கறை கண்டவளுக்குத்தான் சிவப்பாம், எனக்கு ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார்கள். நம் சனங்கள் மறுவீட்டு விருந்துக்குப் பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அம்மா பேருந்துப் படியில் ஒரு கால் வைத்தபடி என்னைப் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது. உனக்கு நினைவிருக்காது, நீ அன்று ஐஸ்கிரீம் எங்கே என்று ஓடினாய். யாரும் யாரையும் திட்டவில்லை. சோறு போட்டார்கள், நம்மவர்கள் தலை குனிந்து சாப்பிட்டார்கள். மாமா தட்டைத் தொடாமலே திருப்பி வைத்தார்.

சமையல்கட்டில் மாமியார் அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா, ‘மன்னிச்சிருங்க’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பேருந்தில் ஓர் ஆணின் பக்கத்து இருக்கையில்கூட உட்காராதவள் நான். பிறகு ஒரு பெண் டாக்டர் சொன்னார், பல பெண்களுக்கு இரத்தம் வருவதே இல்லை, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று. அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? பிரியந்த என்னை அடிக்கவில்லை. கறியில் உப்பு கூடினாலும், நான் வேலையிலிருந்து வரப் பிந்தினாலும், அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டார். பேச்சே இல்லாமல் எத்தனை காலம் ஒரு வீட்டில் இருக்க முடியும்? திரும்பி வந்தேன்.

குருநாகலிலிருந்து வந்த அன்றே அம்மாவிடம் கேட்டேன், உங்கள் மகளுக்கு நடந்தது போதாதா என்று. தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொன்னாள். ‘அதனாலதான் செய்யணும்கறேன். இப்ப விட்டா ஊர் என்ன சொல்லும்? அவங்க வீட்டுப் பொண்ணு தேறல, அதான் வர்ற பொண்ணுகிட்டயும் கேக்கல, அப்படிச் சொல்ல மாட்டாங்களா? நான் ஒரு தடவை தலை குனிஞ்சது போதும்’ என்றாள். அம்மாவின் மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. அந்தப் பேருந்துப் படியில் வைத்த காலை அவள் இன்னும் எடுக்கவில்லை.

நீ செய்யவேண்டியது கடினமில்லை. கல்யாணத்தையும் மறுவீட்டையும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் வைத்துவிடு. இப்போது பலர் அப்படிச் செய்கிறார்கள், லீவு குறைவு என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முதல் இரவுக்கு நம் வீட்டுக்கு வராதே, கண்டி நகர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை எடு. சேலை அவள் விருப்பம். கிளிப்பச்சை ஒன்றை அவள் கண் தேடியதை நான் பார்த்தேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், துணி கிடையாது என்று அம்மாவிடம் உன் வாயால் சொல். அதற்கும் முன்னால் இமேஷாவிடம் சொல். நான் சொன்னால் அது நாத்தனார் சொன்ன ஆறுதல். நீ சொன்னால்தான் அவள் தூங்குவாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா நிலாந்தி


குருநாகல்
போயா பௌர்ணமி தினம்

தம்பி இசுருவுக்கு,

இந்த முறை தபாலில் போடுகிறேன். மேலே இருக்கும் முகவரியைப் பார்த்திருப்பாய். என்னோடு தைக்கும் பெண் மல்காந்தியின் அறையில் இருக்கிறேன். நலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மாவோடு நெடுநேரம் பேசினாய். கடைசியில் போன் என்னிடம் வந்தது. நீ சொன்னதை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ‘அக்கா, உனக்கு நடந்தது கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அம்மாவுக்கு வயசாச்சு, ஒரு நாள் கூத்து, விட்டுடு. தப்பு எதுவும் இல்லேன்னா இமேஷா ஏன் பயப்படணும்?’

நீ பிரியந்தவை இரண்டு மூன்று தடவைக்கு மேல் பார்த்ததில்லை. அவர் என்ன சொன்னார் என்று நான் கடிதத்தில் எழுதியும் இருந்தேன். அதைப் படித்துவிட்டும் அதே வார்த்தை உன் வாயில் எப்படி வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். யாரும் உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கமாட்டார்கள். கற்றுக்கொடுக்காமலே வருகிறது போலிருக்கிறது.

நான் போனை வைத்துவிட்டு நாரம்மலைக்குப் பேருந்து ஏறினேன். இமேஷாவும் அவள் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். எனக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் அம்மா எழுந்துபோய்த் தெருப்பக்கத்து சன்னலைச் சாத்திவிட்டு வந்து, ‘எங்க காலத்துலயும் இதுதான், நாங்க வாயைத் திறக்கல’ என்றார். பிறகு நீ சொன்னதையும் சொன்னேன். ‘இதே வார்த்தையாவா சொன்னாரு அக்கா?’ என்று இமேஷா கேட்டாள். ‘இதே வார்த்தைதான்’ என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே போனாள். முகம் கழுவும் சத்தம் கேட்டது. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து எனக்கு முதலில் கொடுத்தாள். ‘நான் கூப்பிடமாட்டேன். அவரே கூப்பிடட்டும். அக்காகிட்ட சொன்னதை என்கிட்டயும் ஒரு தடவை சொல்லட்டும். அதுக்கப்புறம் கல்யாணமா இல்லையான்னு நான் சொல்றேன்’ என்றாள். அவள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உட்காரவில்லை. மண்டபத்துக்குச் சொல்லவேண்டாம், அழைப்பு அச்சிடவேண்டாம் என்று அவளே அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அன்று சாயங்காலம் நான் திரும்பும்முன் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். ‘உன் வாழ்க்கை போச்சுன்னு என் பிள்ளை வாழ்க்கையையும் கெடுத்திட்டியா? இனி இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை?’ என்றாள். என் துணிகளை எடுத்துக்கொண்டேன். வாசலைத் தாண்டும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பிப் போயிருந்தால் உள்ளே விட்டிருப்பாள். ஆனால் மறுநாள் காலையில் மறுபடி அதையேதான் பேசியிருப்பாள். அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை தீரும் நேரம். எதிர்வீட்டுச் சந்திராவிடம் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு தடவை ஞாபகப்படுத்து.

இன்றோடு மூன்றாவது நாளாக இமேஷா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். நீ இன்னும் கூப்பிடவில்லை. வெட்கமா, கோபமா, அம்மாவுக்குப் பயமா, எனக்குத் தெரியாது. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். உன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்வேன், இவ்வளவு தூரத்திலிருந்து முடியவில்லை.

கல்யாணம் செய் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். கூப்பிடு. அவள் பேசும்போது குறுக்கே பேசாதே. நடுவில் அவள் நிறுத்தினால் முடித்துவிட்டாள் என்று நினைக்காதே, பொறு. எனக்காக யாராவது அப்படிப் பொறுத்துக் கேட்பார்கள் என்று அந்தக் காலை நேரத்தில் நான் எதிர்பார்த்தேன். பிறகு உன் மனதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல். தெரியவில்லை என்றாலும் தெரியவில்லை என்று சொல். பொய் மட்டும் சொல்லாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

புத்தரும் தர்மமும் சங்கமும் காக்கட்டும். முதலில் அவளை, பிறகு உன்னை.

அக்கா